ஒண்டுக்குடித்தனம்

சஸ்கடூன், இரவு பதினொன்று நாற்பது.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
என் லேப்டாப்பின் விசிறிக்கு மட்டும்
கத்திரி வெயில்.

எட்டு ஜிபி நினைவகம்.
இருபதாம் தெரு அடகுக்கடையில் வாங்கியது,
மூடியில் யாரோ பாதி உரித்த ஹாக்கி ஸ்டிக்கரோடு.
அதற்குள் ஒரு திமிங்கிலத்தை வளர்த்துவந்தேன்.

எனக்கு வேண்டியது மூன்று பெட்டி.
ஒன்றில் தரவுத்தளம்.
ஒன்றில் வலைச்சேவை.
ஒன்றில், கோதுமை லாரியைப் பாரத்தோடு ஒருமுறை
வெறுமையாய் ஒருமுறை எடைபோட்டு
மிச்சம் சொல்லும் என் சிறு நிரல்.

திமிங்கிலமோ பெட்டியைத் தூக்குமுன்
கடல் கேட்டது.
தனக்கென்று பொய்யாய் ஒரு முழுக் கணினி,
ஒரு ஜன்னல், மூலையில் ஒரு படம்,
வாரம் தவறாமல் ஒரு புதுப்பிப்பு.
மூன்றரை ஜிபி தின்று ஏப்பம் விட்ட கையோடு
என் தரவுத்தளத்தைக் கொன்றது.
137 என்ற எண்ணை மட்டும் விட்டுவிட்டுப் போய்ச்சேர்ந்தது தரவுத்தளம்.
இடமில்லாமல் செத்தவர்களுக்கான எண் அது.

யானை கட்டித் தீனி போடுவது மாளிகைக்காரர் பாடு.
நான் மாதம் ஐந்நூற்றிருபது டாலருக்கு
ஓரெஸ்ட் வீட்டு பேஸ்மென்ட்டில்
கால்வாசியில் குடியிருப்பவள்.

நீக்கினேன்.
உறுதியாகவா, என்றது.
ஆம்.
எல்லாத் தரவும் போகும், உறுதியாகவா?
ஆம் ஆம்.

புதிதாய் வந்ததற்குப் படமில்லை, ஜன்னலில்லை.
பின்னாலிருந்து காவல் காக்கும் வேலையாள்கூட இல்லை.
நிர்வாகி சாவியும் கேட்கவில்லை.
ஒரு வரி தட்டினால் எழுந்து வேலைசெய்து
முடிந்ததும் போய்விடுகிறது,
விருந்தாளியாய் வந்தால் நானும் அப்படித்தான் நடந்துகொள்வேன்.
ஐந்து மெகாபைட்டில் ஒரு லினக்ஸ் இறக்கினேன்.
மரிசெல் அனுப்பும் பூனை வீடியோக்கள் அதைவிடக் கனம்.

மூன்று பெட்டியும் எழுந்தன.
விசிறி நின்றது.
இத்தனை மாதத்தில் முதன்முறையாக
சுவருக்கு அப்பால் ஃபர்னஸ் மூச்சுவிடுவது கேட்டது.

கன்டெய்னர் என்றால் என்ன என்று
ஹப்தோம் ஒருநாள் கேட்டபோது
இந்தச் சுவரைத்தான் தட்டிக்காட்டினேன்.
தனி வீடு இல்லை இது. அட்டைப்பலகைத் தடுப்பு.
உன் கதவுக்குள் நீ ராஜா,
உன் கடிகாரம் அஸ்மாராவில் ஓடலாம்,
பக்கத்து அறை ஜஸ்கிரண் இருப்பதே
உனக்குத் தெரியவேண்டியதில்லை.
ஆனால் நால்வருக்கும் ஃபர்னஸ் ஒன்று.
அதற்குப் பெயர் கர்னல்.
"அது நின்றால்?" என்றான்.
நிற்காது என்றேன், படித்தவள் குரலில்.

ஒன்றரை மணிக்கு நின்றது.

முதலில் ஜஸ்கிரண் கதவு. பிறகு மரிசெல்,
மருத்துவமனைச் சீருடைமேல் போர்வையோடு.
ஹப்தோம் என்னைப் பார்த்தான்,
ஒன்றும் சொல்லவில்லை, அவன் நல்லவன்.
மாடியில் ஓரெஸ்ட் போனில் யாரையோ
உக்ரேனிய மொழியில் கெஞ்சுவது கேட்டது.
ஆள் வர இரண்டு மணிநேரமாகும்.

சமையலறை மேசையைச் சுற்றி நாலு பேர்.
மரிசெல் என் லேப்டாப்பின்மேல் கைவைத்தாள்.
"இது எப்போதும் சுடுமே?"
சில்லென்று இருந்தது.
அன்றிரவுதான் நான் பாராட்டிய சில்.

திமிங்கிலமே, உன்னை நினைத்தேன். பொய் சொல்லமாட்டேன்.

பிறகு நாலு பெட்டி எழுப்பினேன்,
நாலு கோருக்கு நாலு.
ஒவ்வொன்றுக்கும் ஒரே வேலை:
ஆம் ஆம் ஆம் என்று
நிறுத்தாமல் சொல்ல வேண்டியது,
சொன்னதையெல்லாம் குப்பையில் கொட்ட வேண்டியது.
அப்படியொரு கட்டளை நிஜமாகவே இருக்கிறது.

விசிறி முனகியது. பிறகு கத்தியது.
விசைப்பலகைமேல் எட்டுக் கை,
எவர் விரல் எவருடையதென்று தெரியாமல்.
ஜஸ்கிரண் மோதிரம் மட்டும் குத்தியது.

ஓரெஸ்ட் டார்ச்சோடு படியிறங்கி வந்தார்.
"என்ன சத்தம் அது?"

பேட்டரி இருபத்திரண்டு சதவீதம்.
சார்ஜர் என் அறையில்.
எழுந்துபோக ஒருத்தருக்கும் மனமில்லை.